நீல வாளி

மீன் இறங்கும் கரையில் அவளுக்குத் துடுப்புக்காரி என்று பெயர். அங்கே படகில் ஏறித் துடுப்புப் போடுகிற பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். அவள் புருஷனுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை, பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். இருவர் உட்காரும் சின்ன மரப்படகு அவர்களுடையது. முன்னால் அவர் உட்கார்ந்து தூண்டில் போடுவார், பின்னால் இவள் உட்கார்ந்து துடுப்பு வலிப்பாள். கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வந்து படகை மணலில் ஏற்றும்வரை அவர் வாய் ஓயாது. நேற்றுப் பிடித்த மீன், முந்தாநாள் தப்பிய மீன், மைத்துனன் போட்டிருந்த சட்டை, மேகம் போகிற போக்கு என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் செய்தி இருக்கும். "நீ பேசற பேச்சுல மீனுக்கே தலைவலி வந்து தூண்டில்ல தொங்கிடுதுப்பா" என்று மற்ற படகுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். இவள் 'உம்' கொட்டிக்கொண்டே துடுப்பை வலிப்பாள்.

அந்த மனுஷன்தான் இப்போது வாயைத் தைத்துவிட்டதுபோல உட்கார்ந்திருக்கிறார். சுறா கடித்தது அவருடைய வலது கையை. போனது என்னவோ பேச்சு.

"இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்க."

"போதும்."

"மாத்திரை போடணும்ல. வெறும் வயித்துல போட்டா எரியும்."

"போதும்னு சொன்னேன்ல."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். சோறும் பொரித்த மீனும் பாதிக்குமேல் அப்படியே கிடந்தன. முள் எடுத்து, பிசைந்து, வாயில் ஊட்டவேண்டிய நிலைமை அவருக்கு. கட்டுப் போட்ட கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொட்டலம் மாதிரி இருந்தது. தையல் பிரித்த பிறகுதான் விரல் மடங்குமா, துடுப்பைப் பிடிக்குமா என்று சொல்லமுடியும் என்றிருந்தார் டாக்டர். வீட்டின் பின்வாசலில் கடலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியை ரேடியோ தானே திருப்பிப் போட்டுக்கொண்டார். இப்போது அவர் பார்ப்பது சுவரை. சுவரில் பழைய வலையும் ஓட்டைத் தொப்பியும் தொங்கின. அதைப்பற்றிக்கூட அவரிடம் செய்தி எதுவும் இல்லை.

கரைக்கு நேர் எதிரே, தண்ணீரின் நிறம் மாறுகிற ஓர் இடம் உண்டு. அடியில் பாறை. அதைத் திட்டு என்பார்கள். மோட்டார் வாங்க வக்கில்லாத துடுப்புப் படகுகளுக்கெல்லாம் சோறு போடுவது அந்தத் திட்டுதான். அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. திட்டில் மீன் பிடிக்கலாம், அறுக்கக்கூடாது. கத்தியையே கொண்டுபோகக்கூடாது. குடலும் ரத்தமும் தண்ணீரில் விழுந்தால் சுறா பழகிவிடும். பழகின சுறா முதலில் தூண்டிலில் மாட்டிய மீனைப் பாதியில் பறிக்கும், பிறகு படகோரத்தில் தொங்குகிற கையும் அதற்கு மீனாகிவிடும். சுறா அந்தப் பக்கம் வராது என்றில்லை. எப்போதாவது ஒன்று படகுக்கு அடியில் நிழலாகக் கடந்து போகும். துடுப்பை மேலே தூக்கிக்கொண்டு சும்மா இருந்தால் அது தன்பாட்டுக்குப் போய்விடும். அப்போது மட்டும் ரேடியோகூடப் பேச்சை நிறுத்துவார்.

பிடித்த மீனை முழுசாகக் கரைக்குக் கொண்டுவந்து அறுத்து, குடலை மேட்டில் குழி தோண்டிப் புதைக்கவேண்டும். அறுக்கிற வேலை துடுப்புக்காரியுடையது. கடலுக்குப் போய்வந்த கையோடு சிமெண்டுத் திண்டின் முன் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் மீன் அறுத்துக் கழுவிக் கொடுப்பாள். அவள் கையில் கத்தி ஓடுகிற வேகத்தைப் பார்த்துப் பேரம் பேச வந்தவர்கள் பேரத்தை மறந்துவிடுவார்கள்.

சுறா கடித்த அன்று அவளுக்குக் காய்ச்சல். "நீ படு. நான் மட்டும் போயிட்டு வர்றேன். பேச்சுத்துணைக்குத்தான் ஆளிருக்காது" என்று சொல்லிவிட்டு ரேடியோ தனியாகப் போனார். திட்டில் நல்ல கனமான மீன் ஒன்று மாட்டியது. படகை மணலில் ஏற்ற ஒரு கை வேண்டும் என்று, துடுப்பின் பிடியால் படகு விளிம்பில் தட்டினார். டொக் டொக், கொஞ்சம் விட்டு, டொக்.

அது அவள் பிறந்த வீட்டுத் தட்டு. கடலில் பனி மூடிக்கொண்டால், மழை மறைத்தால், ஒருவர் இருக்குமிடம் மற்றவருக்குத் தெரிவதற்காக அவளும் அவள் தம்பியும் சின்ன வயதில் வைத்துக்கொண்டது. 'இங்கே இருக்கேன், வா' என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் பிறகு ரேடியோவும் அதைப் பிடித்துக்கொண்டார். மாமனார் வீட்டிலிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து இதுதான் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இருவரும் ஒரே படகில் போகிறவர்கள் என்பதால் கடலில் தட்டவேண்டிய அவசியம் அதிகம் வந்ததில்லை.

காற்று விழுந்த நாள் அது. காய்ச்சலில் கிடந்தவள் காதில் தட்டு விழுந்தது. போர்வையை உதறிவிட்டு வாசலுக்கு வருவதற்குள் அலறல் விழுந்தது. தட்டிவிட்டு, மீன் வழுவழுப்புப் போகக் கையைத் தண்ணீரில் அலசியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்தது. நங்கூரத்தை இழுத்தெடுக்க முடியாமல் கயிற்றை அறுத்துவிட்டு, ஒற்றைக் கையால் துடுப்பை வலித்துக்கொண்டு, பாதி மயக்கத்தில் கரை சேர்ந்தார். படகு நிறைய ரத்தம். ரத்தத்துக்கு நடுவில் கத்தி.

அந்தக் கத்திதான் அவரைக் கவிழ்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கரையில் கூட்டம் போட்டார்கள். மீன் நிறுக்கும் தராசை வைத்திருப்பவர்தான் அங்கே பெரியமனுஷர். தராசுக்காரர் என்றே பெயர்.

"திட்டுக்குக் கத்தி எதுக்கு எடுத்துட்டுப் போனே?"

"கயிறு சிக்கினா அறுக்கறதுக்குண்ணே. முதல் நாள் பாறை இடுக்குல சிக்கிப் பெரும்பாடு பட்டேன். அதான்..."

"மீனை அறுத்தியா?"

"இல்லண்ணே."

"அறுக்காம சுறா எதுக்கு உன் கையைப் பிடிக்குது? ரேகை பாக்கவா?"

கூட்டம் சிரித்தது. ரேடியோவும் பழக்கதோஷத்தில் லேசாகச் சிரித்துவிட்டார். அதையும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அவளுடைய தம்பியும் அங்கே நின்றிருந்தான். கரையின் அந்தக் கோடியில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற விடுதியில் அவனுக்கு வேலை. மஞ்சள் நிற பிளாஸ்டிக் படகுகளில் அவர்களை உட்காரவைத்து, துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்து, திட்டுவரை கூட்டிப்போய் வருவான். மீன் நாற்றமே ஆகாது என்று சின்ன வயதிலிருந்தே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். மடிப்புக் கலையாத சட்டையும் கழுத்தில் விசிலுமாக அந்த வேலை அவனுக்குப் பாந்தமாகப் பொருந்திவிட்டது. மாமாவை ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிப் போனது அவன்தான். வராந்தாவில் குலுங்கிக் குலுங்கி அழுததும் அவன்தான். நர்ஸ் வந்து, அடிபட்டது உங்களுக்கா அவருக்கா என்று அதட்டவேண்டியதாகிவிட்டது.

தராசுக்காரர் அவன் பக்கம் திரும்பினார். "நீ தினம் அங்கதான் போறே. உன் மாமா திட்டுல மீன் அறுத்து எப்பவாவது பாத்திருக்கியா?"

"நான் பாத்ததில்லண்ணே" என்றான் தம்பி. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனா நான் எந்நேரமும் அங்கயே இருக்கறதில்லையே" என்றான்.

அந்த 'ஆனா' போதுமாக இருந்தது. இனி அந்தப் படகு திட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கை நன்றாக ஆனாலும் போகக்கூடாது. பிறகு துடுப்புக்காரி தனியாகப் படகை எடுத்துக்கொண்டு மணல் பக்கம் போய்வந்தாள். அங்கே நண்டுகூட யோசித்துத்தான் வரும்.

கூட்டம் கலைந்த அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். வாசலுக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயே ஒரு தடவை கேட்டுப் பாரேன்கா. ஊருக்குப் பயந்து மறைச்சாலும் உன்கிட்ட மாமா மறைக்க மாட்டாரு" என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். அவளும் உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, "என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அறுத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது. அவள் அதை வலி என்று நினைத்துக்கொண்டாள். பைத்தியக்காரி.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் கரைக்குப் போனபோது தம்பி சிமெண்டுத் திண்டருகே காத்திருந்தான். தினம் வருகிற நேரம்தான். அவள் அறுத்துத் தள்ளுகிற குடலை ஒரு நீல வாளியில் வாங்கிக்கொண்டு போவான். விடுதித் தோட்டத்துச் செடிகளுக்கு உரமாம். போன மழைக்கு முன்பிருந்து நடக்கிறது. குழி தோண்டிப் புதைக்கிற வேலை மிச்சம் என்று அவளுக்கு ஏக சந்தோஷம். மீன் நாற்றம் ஆகாத பையன் அக்காவுக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு வாளியைத் தூக்குகிறானே என்று பெருமை வேறு. வாளிகூட அவள் கொடுத்ததுதான். ஒரே மாதிரி இரண்டு வாங்கினாள். ஒன்று படகில் தண்ணீர் இறைக்க, ஒன்று தம்பிக்கு.

"மாமா பேசினாராக்கா?"

"எங்க. சுவத்தோட குடும்பம் நடத்தறாரு."

"சரியாயிடும்கா. தப்பு பண்ணினவங்களுக்குக் கொஞ்ச நாள் கூச்சமா இருக்கும்ல."

கத்தி ஒரு கணம் நின்றது. "அவர் பண்ணலைன்னுதானே சொல்றாரு" என்றாள்.

"ஆமா, ஆமா. நான் ஒண்ணும் சொல்லலையே" என்று அவன் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தான். சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு போன அழகைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நங்கூரத்தை அப்படியே விட்டுவிட மனமில்லை அவளுக்கு. அறுபட்ட கயிற்றின் நுனியில் மிதவைக்கட்டை இன்னும் திட்டில் ஆடிக்கொண்டிருப்பது கரையிலிருந்தே தெரிந்தது. அன்று மத்தியானம் தராசுக்காரரிடம் போய் நின்றாள்.

"நங்கூரத்தை மட்டும் எடுத்துட்டு வந்துடறேண்ணே."

"தூண்டில் எடுத்துட்டுப் போகாதே. கத்தியும்தான்."

"வெறும் துடுப்புதாண்ணே. வேணும்னா வந்து படகைப் பாத்துக்கங்க."

அவர் நிஜமாகவே வந்து பார்த்தார். துடுப்பும் நீல வாளியும் தவிர வேறொன்றும் இல்லை. அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து, "நங்கூரம் எடுக்கப் போறேன். கரையில வந்து நில்லுங்களேன். கிடைச்சதும் தட்டறேன்" என்றாள். அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். ஆனால் அவள் படகைத் தள்ளி ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, ஐஸ் கொட்டகை நிழலில் கட்டுப்போட்ட கையோடு ஓர் உருவம் நின்றிருந்தது. அதற்கே அவளுக்குக் கண் கலங்கியது.

காற்று விழுந்துபோய்க் கடல் தட்டையாகக் கிடந்தது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. திட்டில் வேறு படகு இல்லை. மிதவையைப் பிடித்துக் கயிற்றை இழுத்தாள். பாசி பிடித்துக் கை வழுக்கியது. படகை இந்தப் பக்கம் கொண்டுபோய், அந்தப் பக்கம் கொண்டுபோய், காலை விளிம்பில் உதைத்து இழுத்ததில் நங்கூரம் ஒருவழியாக இடுக்கிலிருந்து விட்டது. அதை உள்ளே தூக்கிப் போட்டு மூச்சு வாங்கினாள். கரையில் நிற்கிற மனுஷனுக்குச் சொல்லவேண்டுமே என்று துடுப்பைத் திருப்பி விளிம்பில் தட்டினாள். டொக் டொக், கொஞ்சம் விட்டு, டொக்.

சுறா வந்தது.

அவள் பார்த்த சுறாவெல்லாம் வழிப்போக்கன் மாதிரி குறுக்கே போகிறவை. இது நேராக அவளைப் பார்த்து வந்தது. அவள் நீளம் இருக்கும். முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு. தட்டின பக்கத்துக்கே வந்து, படகை உரசாத குறையாகச் சுற்றி, லேசாக ஒருக்களித்து ஒரு கண்ணால் மேலே பார்த்தது. துடுப்பைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தாள். போகவேண்டும், போகவில்லை. கடை திறக்கக் காத்திருக்கிற வாடிக்கைக்காரர் மாதிரி அங்கேயே சுற்றியது. நங்கூரத்தோடு வந்த தண்ணீர் படகுக்குள் கணுக்கால் அளவு தேங்கியிருந்தது. அதை இறைக்கலாம் என்று நீல வாளியை எடுத்து விளிம்புக்கு மேல் தூக்கினாள். சுறா தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி வாயைத் திறந்தது.

வாளியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் அசையாமல் இருந்தாள். ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் அது மெல்ல விலகி ஆழத்துக்குப் போனது. அவள் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. துடுப்பை எடுத்துக் கதவைத் தட்டுகிறமாதிரி சும்மா கடகடவென்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. கொஞ்சநேரம் விட்டு மறுபடி அப்படியே தட்டினாள். தண்ணீர் சும்மாவே கிடந்தது. பிறகு தன் வீட்டுத் தட்டைத் தட்டினாள்.

அந்த வெட்டுப்பட்ட முதுகுத் துடுப்பு நேராக அவளை நோக்கி வந்தது.

அந்தத் தட்டைத் தட்டுகிறவர்கள் உலகத்தில் மூன்று பேர்தான். ஒருத்தி படகில் இருக்கிறாள். ஒருவர் கரையில் கட்டுப்போட்ட கையோடு நிற்கிறார். தன் கையால் அறுத்து, தன் கையால் வாளியில் அள்ளிப் போட்டு, ஜாக்கிரதையாகத் தூக்கிட்டுப் போடா என்று சொல்லி அனுப்பியது எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. கரைக்குத் துடுப்பு வலித்தது அவளுக்கு நினைவில்லை.

விடுதியின் படகுக் கொட்டகையில் மஞ்சள் படகுகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். கொடியில் மிதவைச் சட்டைகள் காய்ந்தன. தம்பி குழாயடியில் துடுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்னக்கா இந்தப் பக்கம்? மாமாவுக்கு ஏதாவது..."

"செடியைக் காட்டு."

"எந்தச் செடி?"

"தினம் வாளி வாளியா உரம் கொண்டுவர்றியே, அந்தச் செடியைத்தான். எப்படி வளந்திருக்குன்னு பாக்கணும்."

அவன் சிரித்தான். "அதெல்லாம் தோட்டக்காரர்தான்கா பாத்துக்கறாரு. எனக்கென்ன தெரியும்."

"நான் பாத்துட்டேன்டா. திட்டுல இருக்கு. என் நீளம் வளந்திருக்கு. முதுகுல ஒரு வெட்டு. நம்ம தட்டைத் தட்டினா வருது. வாளியைக் காட்டினா வாயைத் தொறக்குது."

சிரிப்பு அவன் முகத்திலேயே கொஞ்சநேரம் தங்கி, பிறகு போனது. கவிழ்த்த படகு ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டான். குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"குட்டி ஒண்ணும் பண்ணாதுக்கா" என்றான், தாழ்ந்த குரலில்.

"குட்டியா? பேரு வேற வெச்சிருக்கியா?"

"வந்த ஆளுங்க வெச்சது. ஒரு நாள் தானா வந்துச்சுக்கா. அவங்களுக்குத் தலைகால் புரியலை. மேனேஜர் எல்லார் முன்னாடியும் எனக்குக் கைகுடுத்தாரு. அடுத்தடுத்து வந்தவங்களும் சுறா எங்க, சுறா எங்கன்னு கேட்டாங்க. வரலைன்னா என்னமோ நான் வீட்ல கட்டிப்போட்டுட்டு வந்தமாதிரி என்னைத் திட்டறாங்க. அதான் நம்ம படகுங்க இல்லாத நேரமா பாத்துக் கொஞ்சம் குடல் போட்டுப் பாத்தேன்."

"என் கையால வாங்கிட்டுப் போய்ப் போட்டே."

அவன் கழுத்து விசிலை விரலில் சுற்றினான்.

"சரி, போட்டே. கூப்பிடறதுக்கு வேற வழியே இல்லையாடா உனக்கு? கழுத்துல விசில் தொங்குதே, அதை ஊத வேண்டியதுதானே. எதுக்குடா நம்ம தட்டு?"

"யோசிச்சாக்கா பண்ணினேன்? துடுப்பைக் கையில எடுத்தா அதுதானே வருது." அவன் குரல் உடைந்தது. "மாமா தனியா போவாரு, அங்க தட்டுவாருன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நான்தான் கூப்பிடறேன்னு நினைச்சு வந்திருக்கு. அவர் கையை விட்டதும் தீனின்னு நினைச்சிடுச்சு. நான் வேணும்னு பண்ணலை."

"வேணும்னு பண்ணலை. ஒத்துக்கறேன். கூட்டத்துல தராசுக்காரர் கேட்டப்ப?"

அவன் எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினான்.

"உன்னைக் கேட்டாருல்ல. வாயைத் தொறந்து சொல்லலை. அதோட விட்டியா? 'ஆனா'ன்னு ஒண்ணு போட்டே. அப்புறம் வீட்டுக்கு வந்து என்னையும் கேக்கச் சொன்னே. நானும் போய்க் கேட்டேன்டா. கட்டின புருஷனைப் போய் அறுத்தியான்னு கேட்டேன். அன்னிக்கு நின்ன பேச்சுடா அது." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கையைக் கடிச்சது குட்டியாவே இருந்துட்டுப் போகட்டும். இதை யாரு பண்ணினது?"

அவன் அவள் காலடியில் சரிந்து உட்கார்ந்தான். "சொன்னா வேலை போயிடும்கா. இந்தக் கரையில கால் வைக்க விடமாட்டாங்க. பயந்துட்டேன். தப்புதான். பெரிய தப்பு."

"வா, இப்பவே வா. தராசுக்காரர் வீட்லதான் இருப்பாரு."

"இப்ப வேண்டாம்கா. நீ இழுத்துட்டுப் போனமாதிரி இருக்கும். காலையில நானே வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். மாமா கால்ல விழுந்து சொல்றேன். அந்த ஒரு மரியாதையாவது எனக்கு வேணும்."

"வருவியா?"

"அம்மா மேல சத்தியம்."

அவன் கண்ணைப் பார்த்தாள். சின்ன வயதில் பனிமூட்டத்தில் அழுதுகொண்டே தட்டின பையனின் கண்தான். நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள். கொட்டகை மூலையில் ஈரச்சாக்குப் போட்டு மூடியிருந்த நீல வாளியை எடுத்துக்கொண்டு வந்து, மேட்டில் குழி தோண்டி, குடலைத் தானே புதைத்தாள்.

திரும்பும் வழியில் தராசுக்காரரிடம், காலையில் எல்லாரும் கொஞ்சம் இருங்கள், சுறா விஷயமாக ஒருத்தர் வந்து பேசவேண்டும் என்று சொல்லிவைத்தாள். "யாரும்மா?" என்றார். "அவங்களே வருவாங்கண்ணே" என்றாள்.

வீட்டில் ரேடியோ நாற்காலியில் இருந்தார். அவள் அவருக்கும் சுவருக்கும் நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களை நான் அதைக் கேட்டிருக்கக்கூடாது."

"எதை?"

"அறுத்தீங்களான்னு."

அவர் கட்டின் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "ஊரே கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். "நீயும் கேட்டியே."

"நீங்க அறுக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"இப்பத் தெரியும்" என்றார் ரேடியோ. அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யார் என்று அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. அவனே சொல்லட்டும் என்று விட்டுவைத்தாள். தம்பிக்குக் கொடுத்த கடைசி மரியாதை அது.

காலையில் படகுகள் கடலுக்குப் போகாமல் மணலில் கிடந்தன. தொழிலுக்குப் போகவேண்டியவர்கள் உட்காரவும் முடியாமல் கிளம்பவும் முடியாமல் நின்றார்கள். டீக்காரர் இதுதான் சாக்கு என்று கெட்டிலோடு வந்துவிட்டார். ரேடியோவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து ஐஸ் பெட்டியின்மேல் உட்காரவைத்தாள். கழுவிக் காயவைத்த நீல வாளி அவள் காலடியில் இருந்தது. விடுதியிலிருந்து வருகிற மணல் பாதையில் யாராவது தெரிகிறார்களா என்று பார்த்தாள். நாய் ஒன்று வந்தது. ஐஸ்காரர் வந்தார்.

"ஏம்மா, யாரு வரணும்? வெயில் ஏறுதில்ல" என்றார் தராசுக்காரர்.

"வந்துடுவாங்கண்ணே."

"இப்படித்தான் முதல்லயும் சொன்னே."

"இன்னும் கொஞ்சம் பாப்போம்ணே. சத்தியம் பண்ணியிருக்காங்க."

காற்றே இல்லை. கடல் நேற்றுப்போலவே தட்டையாகக் கிடந்தது. அலையோசைகூட இல்லாத அந்த அமைதியில், டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, தண்ணீருக்கு மேலாக வந்தது அந்தச் சத்தம்.

டொக் டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

திட்டில் மஞ்சள் படகுகள் வட்டம் கட்டி நின்றன. நடுவில் இருந்த படகில் ஒருவன் துடுப்பை ஓங்கிக்கொண்டிருந்தான். அவளுடைய கால்கள் பழக்கத்தில் தாமாகவே தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிட்டன. ஈரமணல்வரை போனவள் அங்கேயே நின்றாள்.

கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த ரேடியோ, இத்தனை நாளுக்குப் பிறகு தானாக வாயைத் திறந்தார். "உன் தம்பி கூப்பிடறான் போலிருக்கே. என்னன்னு போய்ப் பாரேன்."

மறுபடி ஒருமுறை தட்டு கேட்டது. மஞ்சள் படகுகளிலிருந்து ஆட்கள் கூவி ஆர்ப்பரிப்பதும் கேட்டது.

"என்னை இல்லைங்க" என்றாள் துடுப்புக்காரி.

திரும்பி வந்து, நீல வாளியை எடுத்துக் கூட்டத்துக்கு நடுவில் வைத்தாள். "இதுல இருந்த குடல் நான் குடுத்ததுண்ணே" என்று தராசுக்காரரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.